கூடைப்பந்து கேள்வி–பதில்: டிராஃப்ட் தெரிவை எப்போது கைமாற்றுவது?

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் என்பிஏ டிராஃப்ட் இரவையும், அதில் அணிகள் தங்கள் தெரிவுகளைக் கைமாற்றிக்கொள்வதையும் பற்றியவை. டிராஃப்ட் என்பது அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமான என்பிஏயின் அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி எடுக்கும் நிகழ்வு. தெரிவு என்பது அதில் ஓர் அணிக்கு வரும் முறை. மட்டக்களப்பு மைக்கேல்ஸ் கல்லூரியில் அமெரிக்க இயேசுசபைக் குருமார் ஊன்றிய விளையாட்டு கூடைப்பந்து. வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்தவரும் அவர்களில் ஒருவர்தான். ஆட்டத்தைப் போலவே அணி கட்டும் கணக்கையும் மட்டக்களப்பு வாசகர்கள் கூர்ந்து கேட்பது மகிழ்ச்சி தருகிறது.

கேள்வி (கல்லடி): ஓர் அணி தன் முதற்சுற்றுத் தெரிவை விற்க முடிவு செய்துவிட்டது என்று வைப்போம். எப்போது விற்றால் நல்ல விலை? டிராஃப்ட் இரவு வரைக்கும் பொறுத்திருப்பது புத்தியா?

பதில்: பருவத்தின் நடுவில் கைமாற்றுகள் முடியும் பெப்ரவரிக் கெடுவுக்கு முன் விற்றால், அந்தத் தெரிவு எத்தனையாம் இலக்கமாக விழும் என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. முன்வரிசை இடங்களைத் தீர்மானிக்கும் மே மாத லொத்தர் முடிந்தால் இலக்கம் தெரியும், ஆள் தெரியாது. டிராஃப்ட் இரவில் உங்கள் முறை வந்து கடிகாரம் ஓடத் தொடங்கினால் இலக்கமும் தெரியும், யார் யார் மிச்சம் என்பதும் தெரியும். கரைவலை கரைக்கு வருமுன்னே முழுப் பாட்டுக்கும் விலை பேசுவதற்கும், மணலில் கிடக்கும் மீனைக் கண்ணால் கண்டு விலை பேசுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

இலக்கம் தெரியுமுன் விற்பதில் எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2025 லொத்தரே போதும். டலஸ் அணிக்கு முதலிடம் கிடைக்க இருந்த வாய்ப்பு 1.8 வீதம் மட்டுமே. ஆனாலும் அதற்கே விழுந்தது, கூப்பர் ஃப்ளாக் கிடைத்தார். பெப்ரவரியில் யாராவது அந்தத் தெரிவை ஒரு நடுத்தர வீரருக்காகக் கேட்டிருந்தால், அன்றைய கணக்கில் அது நியாயமான விலையாகவே தோன்றியிருக்கும்.

இனி டிராஃப்ட் இரவு. முதல் மூன்று நான்கு இடங்களுக்கு அந்த இரவில் விலை கூடுவது அரிது. யார் எங்கே போவார் என்பது ஏறக்குறைய முன்னமே தெரிந்திருக்கும். பொஸ்டன் 2017இல் தன் முதலாம் தெரிவைப் பிலடெல்பியாவுக்கு டிராஃப்டுக்கு மூன்று நாள் முன்னரே கொடுத்து, 3ஆம் தெரிவையும் இன்னொரு முதற்சுற்றுத் தெரிவையும் வாங்கியது. பிலடெல்பியா ஃபுல்ட்ஸை எடுக்கும், அடுத்ததாக லேக்கர்ஸ் லொன்சோ போலை எடுக்கும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. பொஸ்டன் விரும்பிய ஜேசன் டேட்டம் 3ஆம் இடத்தில் நிச்சயம் கிடைப்பார். அப்படி இருக்கையில் காத்திருந்து கூடுதலாகப் பெற ஒன்றுமில்லை, பிலடெல்பியா மனம் மாறிவிடும் அபாயம் மட்டுமே இருந்தது.

ஆனால் 8 முதல் 20 வரையான இடங்களில் நிலைமை நேர்மாறு. யாரும் எதிர்பாராத ஒருவர் வழுக்கிக் கீழே வருவது இந்த இடங்களில்தான். அப்போது அவரை விரும்பும் அணி, இலக்கத்துக்கு உரிய விலையைக் கொடுப்பதில்லை. அந்த ஆளுக்கு உரிய விலையைக் கொடுக்கும். 2025இல் நியூ ஓர்லியன்ஸ் 23ஆம் இடத்திலிருந்து 13க்கு ஏறி டெரிக் குவீனை எடுக்க, அட்லாண்டாவுக்கு 23ஆம் தெரிவோடு 2026ஆம் ஆண்டின் பாதுகாப்பற்ற (எந்த இலக்கத்தில் விழுந்தாலும் திரும்பாத) முதற்சுற்றுத் தெரிவையும் கொடுத்தது. அதே இரவில் மெம்ஃபிஸ் 16இலிருந்து 11க்கு ஏறியது. அதற்குப் போர்ட்லண்டுக்குப் போனது 16ஆம் தெரிவு, ஓர்லாண்டோவின் 2028 முதற்சுற்றுத் தெரிவு, இரண்டு இரண்டாம் சுற்றுத் தெரிவுகள். சுற்றின் கடைசிப் பகுதிக்கு வந்தால் விலை மளமளவென்று இறங்கும். 2024இல் வாஷிங்டன் 26இலிருந்து 24க்கு ஏற நியூயோர்க்குக்குக் கூடுதலாகக் கொடுத்தது வெறும் 51ஆம் தெரிவு.

ஆகவே எங்கள் கருத்து இது. கையில் இருப்பது முதல் ஐந்துக்குள் என்றால் முன்கூட்டியே பேசி முடியுங்கள். அதற்குக் கீழே என்றால் பேச்சை முன்கூட்டியே தொடங்குங்கள், முடிவை மட்டும் உங்கள் கடிகாரம் ஓடும் வரை தள்ளிப்போடுங்கள். இதில் இரண்டாவதைத்தான் பல பேர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். காத்திருப்பது என்றால் தொலைபேசி தானாக அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பதல்ல.

கேள்வி (திருக்கோவில்): அந்த 5 நிமிடத்துக்குள் எப்படி ஒரு கைமாற்றைப் பேசி முடிக்கிறார்கள்? நம்பவே முடியவில்லையே?

பதில்: 5 நிமிடத்தில் பேசுவதில்லை. அதற்கு முந்திய பத்து நாளில் பேசியதை 5 நிமிடத்தில் உறுதி செய்கிறார்கள். முதற்சுற்றில் ஒவ்வொரு தெரிவுக்கும் 5 நிமிடம். 2024இல் டிராஃப்டை இரண்டு நாளாகப் பிரித்தபோது இரண்டாம் சுற்றுக்கு 4 நிமிடம் வைத்தார்கள், அதற்கு முன் அது 2 நிமிடமாக இருந்தது.

முன்வேலை இப்படி நடக்கும். முதலில் வீரர்களை 1, 2, 3 என்று நேர்வரிசையில் எழுதினால் மட்டும் போதாது, அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். ஒரே அடுக்கில் உள்ள நால்வரில் யார் வந்தாலும் எங்களுக்குச் சரி என்றால், அந்த அடுக்கு தீருமட்டும் நீங்கள் கீழே இறங்கலாம், இழப்பு இல்லை. உதாரணமாக 12ஆம் இடத்தில் நிற்கிறீர்கள், உங்கள் அடுக்கில் நான்கு பேர் இன்னும் மிச்சம். 15க்கு இறங்கினால் இடையில் மூன்று பேர்தான் போக முடியும், ஒருவராவது உங்களுக்கு நிச்சயம். 16க்கு இறங்கினால் அந்த நிச்சயம் இல்லை. இறங்குவதற்கான எல்லை இந்தக் கழித்தலில் இருக்கிறது, உள்ளுணர்வில் இல்லை.

அடுத்தது, மேலே ஏற விரும்பக்கூடிய அணிகளோடு நிபந்தனை வைத்துப் பேசுவது. "இன்னார் எங்கள் முறைக்கு மிச்சமிருந்தால், உங்கள் 18ஆம் தெரிவும் 2028 முதற்சுற்றும் தருவீர்களா?" இதற்கு ஆம் என்ற பதில் வந்தால் அது எழுத்தில் குறிக்கப்படும். மூன்று அணியிடம் மூன்று பெயருக்கு இப்படிப் பேசி வைத்தால், உங்களுக்கு முந்திய அணியின் கடிகாரம் ஓடும்போதே எந்த அழைப்பை எடுப்பது என்று தெரிந்துவிடும். உங்கள் கடிகாரத்தின் முதல் இரண்டு நிமிடம் விலையை உயர்த்துவதற்கு, அடுத்த ஒரு நிமிடம் உறுதிக்கு. கடைசி இரண்டு நிமிடத்தைத் தொடவே கூடாது, பெயரை அனுப்ப அது வேண்டும்.

எங்கே பிழைக்கிறது? வாங்குபவர் யாரைத் தேடுகிறார் என்பதை வாய்விட்டால், விற்பவர் அந்தப் பெயரை வேறு அணியிடம் சொல்லி விலை ஏற்றுவார். பெயரைச் சொல்லாமலும் பேச்சு நடக்கும், "எங்கள் ஆள் இருந்தால் அழைப்போம்" என்று. அப்போது விற்பவருக்கு இன்னொரு சிக்கல்: அவர்களுடைய ஆளும் உங்களுடைய ஆளும் ஒருவரேயானால், விற்ற பிறகுதான் அது தெரியவரும். இன்னொரு பிழை, ஒரே ஓர் அணியை நம்பியிருப்பது. அந்த அணி தேடிய ஆள் ஓர் இடம் முன்னதாகப் போய்விட்டால் கையில் மாற்று எதுவும் இல்லாமல், 5 நிமிடமும் வீணாகி, பட்டியலில் மேலே உள்ள பெயரைப் பதற்றத்தோடு எடுக்க வேண்டிவரும்.

கேள்வி (ஆரையம்பதி): 2025இல் கமான் மலுவாச் ஹூஸ்டன் அணியால் தெரிவு செய்யப்பட்டார் என்று அறிவித்தார்கள். ஆனால் அவர் ஃபீனிக்ஸ் அணிக்குத்தான் போகிறார் என்று வர்ணனையாளர் அந்நேரமே சொன்னார். போகிற அணியின் பெயரிலேயே அறிவித்தால் என்ன?

பதில்: அறிவிப்பு அந்த நிமிடத்தில் சட்டப்படி தெரிவு யாருடையது என்பதைப் பொறுத்தது. ஃபீனிக்ஸ் கெவின் டுராண்டை ஹூஸ்டனுக்குக் கொடுத்து, மாற்றாக இந்தத் தெரிவையும் பெறுவதாகப் பேச்சு முடிந்தது ஜூன் 22இல். ஆனால் அது பதிவானது ஜூலை 6இல், ஏழு அணிகள் சேர்ந்த ஒரே கைமாற்றாக. என்பிஏயின் நிதியாண்டு ஜூலை 1இல் புரள்கிறது. சம்பளக் கணக்கு புதிய ஆண்டின் எண்களில்தான் பொருந்தும் என்றால், ஜூலை 1 முதல் 6 வரையான தடைக்காலம் தீரும்வரை காத்திருப்பார்கள். இடையில் வரும் டிராஃப்டில் ஹூஸ்டன், ஃபீனிக்ஸ் சொல்லும் பெயரைத் தன் பெயரில் எடுத்து வைத்திருந்து, பிறகு அந்த வீரரின் உரிமையைக் கொடுக்கும்.

இது புதிதல்ல. 1996இல் கோபி பிரயன்டை 13ஆம் இடத்தில் எடுத்தது ஷார்லட். விளாடே டிவாச்சுக்கு மாற்றாக அவர் லேக்கர்ஸ் அணிக்குப் போனதும் ஜூலையில்தான் பதிவானது. வாய்ப்பேச்சுக்கும் பதிவுக்கும் இடைப்பட்ட இந்த இரண்டு கிழமையில் எடுத்த வீரர் காயப்பட்டால் என்ன என்ற கேள்வியும் பேச்சுவார்த்தையின் ஒரு பகுதி. அதைப் பேசாமல் விடும் அணி கவலையோடு ஜூலையை எண்ணிக்கொண்டிருக்கும்.

கேள்வி (காத்தான்குடி, பாடசாலை மாணவர்): ஸ்டெப்பியன் விதி என்றால் என்ன? அது இருந்தும் நியூயோர்க் எப்படி அத்தனை முதற்சுற்றுத் தெரிவைக் கொடுத்தது?

பதில்: தம்பி, 1980 முதல் 1983 வரை கிளீவ்லண்ட் அணியின் உரிமையாளராக இருந்தவர் டெட் ஸ்டெப்பியன். முதற்சுற்றுத் தெரிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துத் தீர்த்தார். அணி எழும்ப முடியாத நிலைக்குப் போனது. அதன் பிறகு வந்ததுதான் அவர் பெயரால் அழைக்கப்படும் விதி: வரவிருக்கும் டிராஃப்டுகளில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் முதற்சுற்றுத் தெரிவே இல்லாத நிலைக்கு எந்த அணியும் வரக்கூடாது. ஏழு ஆண்டுக்கு அப்பாலுள்ள தெரிவையும் கொடுக்க முடியாது.

நியூயோர்க் 2024இல் மிக்கால் பிரிட்ஜஸுக்காக புரூக்ளினுக்குக் கொடுத்த தன் பாதுகாப்பற்ற தெரிவுகளின் ஆண்டுகளைப் பாருங்கள்: 2025, 2027, 2029, 2031. ஒன்றுவிட்டு ஒன்று. அதோடு 2028இல் இடமாற்று உரிமையும் கொடுத்தது. இடமாற்று என்றால் இரு அணியின் தெரிவில் சிறந்ததைப் புரூக்ளின் எடுத்துக்கொள்ளும், மற்றது நியூயோர்க்குக்கு மிஞ்சும். நியூயோர்க்கிடம் அவ்வாண்டு ஏதோ ஒரு தெரிவு இருக்கும் என்பதால் விதி மீறப்படவில்லை. 2013இல் புரூக்ளினே பொஸ்டனுக்குக் கொடுத்ததும் இதே வடிவில்தான்: 2014, 2016, 2018 தெரிவுகளும் 2017 இடமாற்றும்.

நேரத்தோடு இந்த விதிக்கு உள்ள தொடர்பைக் கவனியுங்கள், டிராஃப்ட் இரவில் இதுதான் பெரிய வாசல். விதி எதிர்கால டிராஃப்டை மட்டும் பார்க்கிறது. ஓர் அணி அடுத்த ஆண்டுத் தெரிவை ஏற்கெனவே கொடுத்துவிட்டது, வேறு எவருடைய முதற்சுற்றுத் தெரிவும் கையில் இல்லை என்று வையுங்கள். இந்த ஆண்டுத் தெரிவை டிராஃப்டுக்கு முதல் நாள் அதனால் விற்க முடியாது. ஆனால் பெயரை அறிவித்த அந்த நொடியில் அது தெரிவு அல்ல, ஒரு வீரரின் உரிமை. உரிமையை விற்கத் தடை இல்லை. அதனால்தான் சில அணிகள் வாங்குபவர் சொல்லும் பெயரை எடுத்துவிட்டு உடனே கைமாற்றுகின்றன. டிராஃப்ட் கடந்ததும் ஏழாண்டு எல்லையும் ஒன்று தள்ளிப் போகும், விற்க இன்னோர் ஆண்டுத் தெரிவு கிடைக்கும். ஜூன் நடுவில் "கொடுக்க ஒன்றுமில்லை" என்ற அணி ஜூன் கடைசியில் பெரிய கைமாற்றுக்கு வருவதன் காரணம் இதுவே.

கேள்வி (கல்முனை): "1–5 பாதுகாப்பு" என்று எழுதுகிறார்களே, அது யாருக்குப் பாதுகாப்பு? கூடுதல் பாதுகாப்பு வைப்பது கொடுப்பவருக்கு எப்போதும் நல்லதுதானே?

பதில்: கொடுப்பவருக்குப் பாதுகாப்பு. 2018இல் டலஸ் லூகா டொன்சிச்சைப் பெற, தான் 5ஆம் இடத்தில் எடுத்த ட்ரே யங்கோடு தன் 2019 முதற்சுற்றுத் தெரிவையும் அட்லாண்டாவுக்குக் கொடுத்தது, 1–5 பாதுகாப்புடன். அந்தத் தெரிவு முதல் ஐந்துக்குள் விழுந்திருந்தால் டலஸ் வைத்துக்கொண்டிருக்கும். விழுந்தது 10இல், அட்லாண்டாவுக்குப் போனது.

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். எப்போதும் நல்லதல்ல. பாதுகாப்பு வைத்தால் "இவ்வாண்டு போகாவிட்டால் அடுத்த ஆண்டு" என்று கடன் உருளும். ஸ்டெப்பியன் விதி நடக்கக்கூடிய எல்லா வாய்ப்பையும் பார்க்கிறது. 2027 தெரிவைப் பாதுகாப்போடு கொடுத்து, அது 2028க்கும் 2029க்கும் உருளலாம் என்று எழுதினால், அதன் முன்னும் பின்னும் உள்ள 2026, 2030 தெரிவுகளும் கட்டுப்பட்டுவிடும். ஒரு தெரிவைக் காப்பாற்றப் போய் ஐந்தாண்டுத் தெரிவைப் பெட்டியில் பூட்டியதாகும். பிறகு டிராஃப்ட் இரவில் நல்ல வாய்ப்பு வரும், கொடுக்க வழியிருக்காது. அப்போது அந்தத் தெரிவை வாங்கியிருக்கும் அணியிடம் போய்ப் பாதுகாப்பை நீக்கித் தருகிறேன் என்று பேச வேண்டும், அவரும் அதற்கொரு விலை கேட்பார். பாதுகாப்பு தேவைதான், ஆனால் ஒரே ஆண்டில் தீரும்படி எழுதி, அந்த ஆண்டு போகாவிட்டால் இரண்டாம் சுற்றுத் தெரிவுகளாக மாறும் என்று முடித்துவிடுவது கொடுப்பவருக்கு மிகவும் இலகு.

வாங்குபவருக்கும் ஒரு பொறி உண்டு. மேலே சொன்ன பொஸ்டன்–பிலடெல்பியா கைமாற்றில் பொஸ்டனுக்கு லேக்கர்ஸின் 2018 தெரிவு வரவேண்டுமானால் அது 2க்கும் 5க்கும் இடையில் விழ வேண்டும். 10இல் விழுந்தது, பிலடெல்பியாவிடமே நின்றது. பொஸ்டனுக்கு மாற்றாக வந்த 2019 தெரிவு 14. டேட்டம் கிடைத்ததால் பொஸ்டன் அதைப் பெரிதாக உணரவில்லை. கூடுதலாக வாங்கும் தெரிவை நம்பி ஒரு கைமாற்றைச் செய்யாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம். அது இல்லாமலும் கைமாற்று சரியா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): நியூ ஓர்லியன்ஸ் குவீனுக்காகக் கொடுத்த விலை கூடுதலா? வாதம் முடியவில்லை, நீங்களே சொல்லுங்கள்.

பதில்: கூடுதல். குவீன் நல்ல வீரரா இல்லையா என்பதல்ல இங்கே கேள்வி. 2024–25 பருவத்தில் 21 வெற்றி, 61 தோல்வி கண்ட அணி, அடுத்த ஆண்டுத் தெரிவை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கொடுத்திருக்கிறது. அதிலும் தன் தெரிவு, மில்வோக்கியின் தெரிவு ஆகிய இரண்டில் எது சிறந்ததோ அது அட்லாண்டாவுக்கு. இரண்டு அணியில் ஒன்று சறுக்கினாலே அட்லாண்டாவுக்கு லாபம் என்றாகிறது. 1–4 பாதுகாப்பை மட்டும் எழுத முடிந்திருந்தாலும் நாங்கள் இதை எதிர்த்திருக்க மாட்டோம்.

ஏறுவதற்கு வேறு நாணயமும் உண்டு. 2017இல் யூட்டா 24இலிருந்து 13க்கு ஏறி டொனவன் மிட்செலை எடுத்தது. டென்வருக்குக் கொடுத்தது 24ஆம் தெரிவும் ட்ரே லைல்ஸும். எதிர்காலத் தெரிவு ஒன்றுகூடப் போகவில்லை. பயன்படாமல் இருக்கும் இளம் வீரர் ஒருவரைக் கொடுத்து ஏறுவதுதான் எப்போதும் மலிவு. எதிர்காலத் தெரிவின் மதிப்புக்கு உச்ச எல்லை தெரியாது, கையிலுள்ள வீரரின் எல்லை தெரியும்.

கேள்வி (ஏறாவூர்): 2014இல் கிளீவ்லண்ட் அன்ட்ரூ விக்கின்ஸை முதலாவதாக எடுத்து, ஓகஸ்டில் கெவின் லவ்வுக்காகக் கொடுத்தது. டிராஃப்ட் இரவிலேயே முடித்திருக்கலாமே?

பதில்: சம்பளக் கணக்குக்காக. சம்பள உச்சவரம்புக்கு மேலுள்ள அணிகள் கைமாற்றில் சம்பளங்களைப் பொருத்திக் காட்ட வேண்டும். ஒப்பந்தம் எழுதாத புதுவீரரின் உரிமைக்குச் சம்பள மதிப்பு பூச்சியம். ஒப்பந்தம் எழுதினால் அவரது சம்பளம் கணக்கில் சேரும், ஆனால் 30 நாள் அவரைக் கைமாற்ற முடியாது. விக்கின்ஸ் ஜூலை 24இல் ஒப்பமிட்டார், ஓகஸ்ட் 23இல் கைமாற்றப்பட்டார். நாளை எண்ணிப் பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. உச்சவரம்புக்குக் கீழே சம்பள இடம் வைத்திருக்கும் அணிக்கு, முதற்சுற்று வீரரை எடுத்த உடனேயே அவரது இலக்கத்துக்கு நிர்ணயித்த சம்பளத்தின் 120 வீதம் கணக்கில் ஏறிவிடும். ஜூலையில் பெரிய வீரர் ஒருவருக்கு இடம் வேண்டும் என்று திட்டமிடும் அணி, தன் தெரிவை டிராஃப்டுக்கு முன்னமே எதிர்காலத் தெரிவாக மாற்றுவது இந்தக் காரணத்தால்தான். அப்படிப்பட்ட அணி அவசரத்தில் விற்கும். வாங்க நினைப்பவர்கள் மே மாதத்திலேயே அந்த அணிகளின் பட்டியலைப் போட வேண்டும்.

கேள்வி (செங்கலடி): தெரிவைப் பணத்துக்கு வாங்க முடியுமா?

பதில்: இரண்டாம் சுற்றில் நடக்கும். 2017இல் கோல்டன் ஸ்டேட் சிக்காகோவிடமிருந்து 38ஆம் தெரிவை 3.5 மில்லியன் டொலருக்கு வாங்கி ஜோர்டன் பெல்லை எடுத்தது. ஓர் அணி ஆண்டுக்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம், பெறலாம் என்பதற்கு வரம்பு உண்டு. என்பிஏயும் வீரர் சங்கமும் செய்த 2023 ஒப்பந்தத்தின்படி, சம்பளச் செலவுக்கு வைத்த இரண்டு மேற்கோடுகளில் உயர்ந்த இரண்டாம் கோட்டைத் தாண்டிய அணி கைமாற்றில் பணமே கொடுக்க முடியாது. இப்போது டிராஃப்ட் இரண்டு நாளாக நடப்பதால் முதற்சுற்று முடிந்த இரவு முழுக்க 31ஆம், 32ஆம் தெரிவுகளுக்கு விலை பேசலாம். முதற்சுற்றில் எடுபடாமல் போன நல்ல வீரர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்ட நேரம் அது. விற்பவருக்கு இரண்டாம் சுற்றில் கிடைத்த சிறந்த வசதி இதுதான்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி, விளையாட்டுக் கழகச் செயலாளர்): எங்கள் பகுதியில் ஆறு அணிகள் கொண்ட சுற்றுப்போட்டி ஒன்றை டிராஃப்ட் முறையில் நடத்த விரும்புகிறோம். ஒவ்வொரு அணிக்கும் 10 வீரர். தெரிவுகளைக் கைமாற்ற அனுமதிக்கலாமா? என்ன விதி எழுத வேண்டும்?

பதில்: அனுமதியுங்கள், போட்டிக்கு உயிர் வரும். ஆனால் விதியைச் சீட்டு இழுப்பதற்கு முன் எழுதி, ஆறு முகாமையாளரிடமும் ஒப்பம் வாங்குங்கள். சீட்டு இழுத்த பின் எழுதும் ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவருக்குச் சாதகமாகவே தெரியும்.

வரிசை பாம்புபோல வளைந்து வரட்டும்: முதற்சுற்று 1 முதல் 6, இரண்டாம் சுற்று 6இலிருந்து 1. முதல் அணிக்கு 1, 12, 13, 24 என்று வரும். ஆறாம் அணிக்கு 6, 7, 18, 19. முதல் இரண்டு சுற்றையும் கூட்டினால் எல்லா அணிக்கும் 13. இந்தச் சமநிலையில்தான் கைமாற்று ஆபத்தானது. ஆறாம் அணி முதலாம் அணியோடு முதற்சுற்றை மட்டும் மாற்றினால், ஒருவரிடம் 1உம் 7உம், மற்றவரிடம் 6உம் 12உம் சேரும். 8க்கும் 18க்கும் உள்ள இடைவெளி சிறியதல்ல. ஆகவே முதற்சுற்றை மாற்றும் எவரும் இரண்டாம் சுற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும், அல்லது கூடுதலாகப் பெற்றவர் 3ஆம் அல்லது 4ஆம் சுற்றில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

கைமாற்றுக்கு இரண்டு நேரம் போதும். சீட்டு இழுத்ததிலிருந்து டிராஃப்ட் தொடங்க 15 நிமிடம் இருக்கும்வரை ஒன்று. அடுத்தது டிராஃப்ட் நடக்கும்போது, யாருடைய முறை ஓடுகிறதோ அந்த அணி மட்டும். முதல் மூன்று சுற்றுக்கு 3 நிமிடம், பிறகு 90 செக்கன். நேரம் தீர்ந்தால் அந்த அணி பின்தள்ளப்படும், அடுத்த அணி எடுக்கும். கைமாற்றுத் தாளில் சுற்று, வரிசை எண், அந்தத் தெரிவு முதலில் எந்த அணிக்கு உரியது, இரு முகாமையாளரின் ஒப்பம், நேரம் ஆகியவை இருக்கட்டும். "இரண்டாம் சுற்றுத் தெரிவு" என்று மட்டும் எழுதினால் சண்டை நிச்சயம், ஏனென்றால் ஒருவரிடம் அப்போது இரண்டாம் சுற்றில் இரண்டு தெரிவு இருக்கக்கூடும்.

எத்தனை கைமாற்றினாலும் கடைசியில் ஒவ்வொரு அணியிலும் சரியாக 10 பேர். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு என்று எண்ணிக்கை பொருந்தினால்தான் நடத்துநர் மேசை ஏற்க வேண்டும். 19 வயதுக்குட்பட்டோர் இத்தனை பேர் வேண்டும் என்று வைத்திருந்தால், அந்த எண்ணிக்கையையும் ஒவ்வொரு கைமாற்றின் பிறகும் சரிபாருங்கள். அடுத்த ஆண்டுத் தெரிவைக் கொடுக்க அனுமதிக்க வேண்டாம். அடுத்த ஆண்டு அதே ஆறு அணியும் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது, கடனை வசூலிக்கவும் ஆள் இல்லை. பணம் கைமாறுவதையும் அறவே தடுங்கள்.

சகோதரர்கள், ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒரே அணியில் ஆட விரும்பினால் அதற்கு முன்கூட்டியே விண்ணப்பம் வாங்குங்கள். டிராஃப்ட் இரவில் கைமாற்று என்ற பெயரில் அது நடந்தால் மற்ற நான்கு அணியும் எழும்பிப் போய்விடும்.

கேள்வி (வாழைச்சேனை): டிராஃப்டை நேரலையில் பார்க்க இங்கே எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும்? மொத்தம் 60 தெரிவு என்கிறார்கள், 2025இல் 59தானே இருந்தது?

பதில்: முதற்சுற்று அமெரிக்கக் கிழக்குக்கரை நேரம் இரவு 8 மணிக்குத் தொடங்கினால், நமக்கு மறுநாள் காலை 5.30. 2024, 2025 இரண்டிலும் அப்படியே. முதற்சுற்று முடிய ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிடிக்கும், வேலைக்குப் போகிறவர்கள் 8 முதல் 20 வரையான இடங்களையாவது பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

30 அணி, இரண்டு சுற்று, 60 தெரிவு என்பதே முறை. ஆனால் ஒப்பந்தம் முடிந்த சுதந்திர வீரர்களோடு அனுமதித்த நேரத்துக்கு முன் பேரம் பேசிய அணிகளிடமிருந்து தண்டனையாக இரண்டாம் சுற்றுத் தெரிவைப் பறித்துவிடுவார்கள். 2022, 2023, 2024 ஆண்டுகளில் 58 தெரிவுகளே நடந்தன. 2025இல் நியூயோர்க் ஒன்றை இழந்தது, ஜாலன் பிரன்சன் விடயத்தில்.